இருபத்தைந்தோடு நின்றுபோன மழை

வந்துவிட்டீர்களா, வாங்க. உங்கள் நாற்காலிகளின் பிளாஸ்டிக் உறையை இன்னும் கழற்றவில்லை என்று கேள்விப்பட்டேன். முதலில் அதைக் கழற்றுங்கள். மே மாதம் வந்தால் முதுகு வேர்த்து ஒட்டிக்கொள்ளும், கோபம் முழுக்கக் கணினி மேல் திரும்பும்.

நான் போன தையோடு வேலையை விட்டவள். ஐம்பத்திரண்டு வயதில் விருப்ப ஓய்வு. "புதுப் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாங்க மிஸ்" என்று உங்கள் பொறுப்பதிகாரி கேட்டார். கட்டளைகளைப் பற்றி எழுதமாட்டேன். அவை கையேட்டில் இருக்கின்றன, கையேடு அலமாரியில் இருக்கிறது, அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. நான் எழுதப்போவது நான் பிழை விட்ட நாள்களைப் பற்றி. அந்தப் பிழைக்குக் கடைசியில் எப்படிக் கைதட்டல் கிடைத்தது என்பதைப் பற்றி.

வேலை என்ன என்று உங்களுக்கே தெரியும். சபரகமுவ மலைகளில் எங்கெங்கோ மழைமானிகள் நிற்கின்றன. தோட்டத்துக்குத் தோட்டம் யாரோ ஒருவர் தினம் காலையில் மழையை அளந்து எழுதுகிறார். அந்தப் புத்தகங்கள் இங்கே வந்து கோப்புகளாகின்றன. ஆயிரமாயிரம் வரிகள், ஒவ்வொரு வரியும் ஓர் இடம், ஒரு தேதி, ஓர் எண். கறுப்புத் திரையைத் திறந்து ஒரே ஒரு வரி கட்டளை தட்டினால் போதும். கருவி அத்தனை வரிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, வேண்டியதை வைத்துக்கொண்டு, வேண்டாததைத் தள்ளி, கூட்டிக் கழித்து, நீங்கள் கண் சிமிட்டி முடிப்பதற்குள் கையில் தந்துவிடும். தொழிற்சாலை ஸ்டோரில் தேயிலை சலிக்கிற மெஷின் மாதிரி. எனக்கு அந்த மெஷின் சத்தம் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். சத்தமே இல்லாமல் சலிக்கிற இது இன்னும் பிடித்துப் போனது. பிடித்துப் போனதில்தான் வினை.

முதல் வாரத்திலேயே ஒன்று செய்தேன். கஹவத்தைப் பக்கத்து ஓடை மட்டக் கோப்பு ஒன்றைச் சலித்து, சலித்ததை அதே பெயரில் சேமிக்கச் சொன்னேன். கருவி சொன்னதைக் கேட்டது. எழுதுவதற்கு இடம் வேண்டும் அல்லவா, முதலில் கோப்பைத் துடைத்துக் காலியாக்கிவிட்டு, அப்புறம் அதையே படிக்கப் போனது. படிக்க ஒன்றும் இல்லை. இரண்டு வருஷத்து ஓடை ஒரு நொடியில் வற்றிப்போனது. நான் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். தன் பெயரை எங்கேயும் எழுதக் கூடாது என்று பிற்பாடு கையெடுத்துக் கும்பிட்டவர், அதனால் எழுதவில்லை.

"குடத்தைக் கவுத்துட்டுத் தண்ணி மொள்ளப் போயிருக்கீங்க."

"இப்ப என்ன செய்ய?"

"ஒண்ணும் செய்ய வேணாம். தேத்தண்ணி குடிங்க." மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துப் போட்டார். "புதுசா யாராச்சும் வந்தா முதல் வாரம் எல்லாத்தையும் நான் காப்பி எடுத்து வச்சிருவேன். நான் வந்தப்போ களு கங்கை ஆத்தையே அழிச்சவன்."

மூலக் கோப்பைத் தொடாதீர்கள். சலித்தது வேறு பெயரில் போகட்டும். இதை நான் உங்களுக்கு ஒருமுறைதான் சொல்வேன், நீங்கள் எப்படியும் ஒருமுறை செய்துவிட்டுத்தான் கேட்பீர்கள்.

இனி அந்தப் பெரிய கதை.

தெரணியகலைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம். மேல் டிவிஷன், நடு டிவிஷன், கீழ் டிவிஷன் என்று மூன்று. கீழ் டிவிஷனில் ஒரே ஒரு பழைய லயம், வரிசையாக ஒட்டிக் கட்டிய பதினான்கு வீடுகள், முதுகுக்குப் பின்னால் செங்குத்தாக, மண் சரியக்கூடிய மலைமுகம். ஆபத்தான லயங்களில் இருப்பவர்களைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றி வீடு கட்டிக் கொடுப்பதற்கு ஒரு பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. நிலத்தைப் பார்ப்பதற்கு வேறு ஆள்கள். மழையைப் பார்ப்பதற்கு நாங்கள். ஒவ்வொரு டிவிஷனிலும் ஒரே நாளில் அதிகபட்சம் எவ்வளவு பெய்திருக்கிறது, நூறு மில்லிமீட்டரைத் தாண்டிய நாள்கள் எத்தனை, இரண்டே கேள்வி.

ஒரு வரி தட்டினேன். பதில் வந்தது. மேல் டிவிஷனும் நடு டிவிஷனும் நூறைப் பலமுறை தாண்டியிருந்தன. கீழ் டிவிஷனில் இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட இருபத்தைந்தைத் தாண்டவில்லை.

அந்த வரைபடத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மற்ற இரண்டும் கோபக்கார முள்ளம்பன்றி போல் சிலிர்த்து நிற்க, கீழ் டிவிஷன் மட்டும் மேசைப் பலகை மாதிரி மட்டமாக இருந்தது. எவ்வளவு அழகு என்று நினைத்தேன். லயத்தில் பிறந்தவள் நான், கஹவத்தைப் பக்கம். பதினான்கு வீட்டுக்காவது பயமில்லை என்று உண்மையாகவே மனசு குளிர்ந்தது. அப்போதைய பொறுப்பதிகாரி என் தோளுக்கு மேலாகப் பார்த்தார். சிங்களக்காரர், நல்ல மனுஷன், தமிழும் சிங்களமும் கலந்து பேசுவார். "ஹரி, ஹரி! சரிதான், மலை மடிப்புக்குள்ள இருக்குதானே மிஸ், மழைய மேல் பக்கமே தடுக்குது" என்றார். நானும் தலையாட்டினேன். ஐந்து நிமிஷத்தில் ஒரு பொய்க்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து காரணம் கண்டுபிடித்துவிட்டோம். பொய்யைக் கருவி சொல்லவில்லை. காரணத்தையும் கருவி சொல்லவில்லை.

அறிக்கை போனது. கீழ் லயம் பட்டியலிலிருந்து எடுபட்டது. புதன்கிழமை காலை கூட்டத்தில் பட்டியல் கையெழுத்தாக இருந்தது.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு, அதை மட்டும் தயவு செய்து விட்டுவிடாதீர்கள். மழையை அளக்கிறவரிடம் சுருக்கத் தாளைக் கொண்டுபோய்க் காட்டி ஒரு கையெழுத்து வாங்க வேண்டும். பெரும்பாலும் சடங்குதான். அறிக்கைக்கு முன்னால் வாங்க வேண்டியது, பஸ் கிடைக்காத சோம்பலில் நான் பின்னால் தள்ளிப் போட்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை காலை பஸ் பிடித்து, பிறகு த்ரீவீலர் பிடித்து, தாளோடும் மடிக்கணினியோடும் போய் இறங்கினேன்.

கீழ் டிவிஷனில் மழை அளப்பவர் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்கிற மகேஸ்வரி அக்கா. தாய்மார் ரப்பர் பால் வெட்டப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. மழைமானி அதன் முற்றத்தில் நிற்பதால் வேலை அவர் தலையில் விழுந்தது. அவர் வீடு அந்த லயத்தில் ஆறாவது. நான் போன நேரம் சேலைத் தொட்டில்களில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன. தாளை வாங்கி விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"இது என்னங்க மிஸ்?"

"உங்க டிவிஷன்ல ஒரு நாளில் பேஞ்ச அதிக மழை, அக்கா."

"இருபத்தஞ்சா?"

"ஆமா."

அவர் சிரித்தார். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு சிரித்தும் ஒரு தொட்டில் அசைந்து சிணுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப போன வெசாக் பெருநாளுக்கு எங்க வீட்டுக்குள்ள முழங்காலுக்கு வந்துச்சே, அது மழை இல்லீங்களா? யாராச்சும் மேல இருந்து ஊத்துனாங்களா?"

நான் சிரிக்கவில்லை. "இதை வச்சுத்தான் பட்டியல் போட்டிருக்காங்க அக்கா" என்றேன். "இந்த லயம் அதுல இல்ல."

சிரிப்பு நின்றது. அந்த முகத்தை நான் எழுதப் பார்த்து மூன்று முறை அடித்துவிட்டேன். கோபம் இல்லை அது. ஒரு பெண் தன் வீட்டின் பின்சுவரைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

பிறகு எழுந்து உள்ளே போய் மழைப் புத்தகத்தையும் அளவுக் கண்ணாடிக் குவளையையும் கொண்டுவந்தார். கண்ணாடியை என் முகத்துக்கு நேரே பிடித்தார். கோடுகள் இருபத்தைந்து மில்லிமீட்டரோடு முடிந்திருந்தன.

"இதுல இவ்வளவுதான் பிடிக்கும். மழை கூடப் பேஞ்சா என்ன செய்வீங்க? ஒரு கிளாஸ் அளந்து ஊத்திருவேன், எழுதுவேன். அடுத்த கிளாஸ், எழுதுவேன். அப்புறம் மிச்சம்."

புத்தகத்தைத் திறந்தார். குண்டு குண்டான எழுத்தில் 25+25+25+8 என்று இருந்தது. அடுத்த பக்கத்தில் 25+25+17. பக்கத்துக்குப் பக்கம் கூட்டல் குறிகள், ஈரத்தில் ஊறி நீலம் பரவிய கூட்டல் குறிகள்.

"கூட்டி எழுதலாமே அக்கா?"

"ஒரு புள்ள அழுவும், ஒரு புள்ள ஓடும், அந்த நேரத்துல கூட்டினா பிழை வரும்ங்க. அளந்தத எழுதுறது என் வேலை. கூட்டுறதுக்கு ஆபீஸ்ல படிச்சவங்க இருக்கீங்கதானே?"

இருந்தோம். புத்தகத்தில் இருப்பதை இருப்பது போலவே தட்டச்சு செய்யுங்கள் என்று உத்தரவு போட்டவளே நான்தான். கோப்பிலும் அப்படியே 25+25+25+8 என்றுதான் இருந்தது. என் கட்டளைதான் "இதை எண்ணாக எடுத்துக்கொள்" என்றது. கருவி இடமிருந்து படித்தது, இருபத்தைந்து, எண், அடுத்து ஒரு கூட்டல் குறி, எண் இல்லை, அத்தோடு நிறுத்திக்கொண்டது. மீதி மழையை விட்டுவிட்டது. பிழை என்று ஒரு சொல் சொல்லவில்லை. உங்கள் கருவி கத்தினால் பயப்படாதீர்கள், பிள்ளைகளே. அது வாய் திறக்காமல் கொடுக்கிற பதிலுக்குப் பயப்படுங்கள். இன்னொன்று, பதில் உங்களைச் சந்தோஷப்படுத்தினால் இன்னும் ஒருமுறை பாருங்கள். கெட்ட செய்தியை நாம் எப்படியும் பத்து முறை பார்ப்போம்.

பிள்ளைகள் சாப்பிடுகிற குட்டை மேசையில் மடிக்கணினியைத் திறந்து, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். கூட்டல் குறி கண்ட இடமெல்லாம் வெட்டு, வெட்டிய துண்டுகளைக் கூட்டு. அவ்வளவுதான் திருத்தம், ஒரே வரி. தட்டினேன். மேசைப் பலகை எழுந்து நின்றது! நூறைத் தாண்டிய நாள்கள் பத்து. மிகப் பெரிய நாள், ஏழு இருபத்தைந்தும் ஒரு பதினாலும், நூற்று எண்பத்தொன்பது.

ஆனால் ஒருமுறை ஏமாந்த கண். "அக்கா, நான் தேதி சொல்றேன், அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க" என்றேன்.

அந்த ஒரு மணி நேரம் என் உத்தியோகத்தின் மிக இனிமையான ஒரு மணி நேரம். நான் ஒரு தேதி சொல்வேன். அவர் கண்ணை மூடுவார். "அது மூணாம் வீட்டுக் குசினிக்குள்ள மண்ணு வந்த நாள். கோழிக்கூடு மெதந்துச்சு, கோழி கூரையில." இன்னொரு தேதி. "சடங்கு வீடுங்க அது, பந்தல் போயிருச்சு, மாமன் சீர்த் தட்ட தலையில கவுத்துக்கிட்டு ஓடுனாரு." எண்கள் கோழியாகவும் தாம்பாளமாகவும் எழுந்து வந்தன. விழித்துவிட்ட ஒரு பெண் குழந்தை என் மடியில் ஏறி, இடைவெளி விசையை மட்டும் திரும்பத் திரும்ப அழுத்தியது. ஒன்பது தேதிக்கும் ஒன்பது கதை வந்தது.

பத்தாவது தேதிக்கு அவர் கண்ணைத் திறக்கவில்லை. யோசித்தார். "அன்னைக்கு அப்படி ஒண்ணும் பெரிசா இல்லீங்களே."

கோப்பைப் பார்த்தேன். 25+25+52. நூற்றிரண்டு. இருபத்தைந்து மட்டுமே பிடிக்கிற கண்ணாடியில் ஐம்பத்திரண்டு எப்படி நிற்கும்? புத்தகத்தைப் புரட்டினோம். அங்கே 22 என்று இருந்தது. தட்டச்சுப் பிழை. அது எழுபத்திரண்டாகக் குறையும், பத்து நாள் ஒன்பதாகும்.

உங்களிடம் மறைப்பானேன், என் விரல் ஒரு கணம் நின்றது. நான்தான் இவர்களைப் பட்டியலிலிருந்து இறக்கியவள். பத்து என்பது ஒன்பதைவிடப் பலமாகக் கேட்கும். அந்த ஐம்பத்திரண்டை யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்? மகேஸ் அக்கா என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லாத மழைய எழுதாதீங்க மிஸ்" என்றார். "இருக்கிற மழையே எங்களுக்குப் போதும்."

ஒன்பது என்று திருத்தினேன். மற்ற இரண்டு டிவிஷனுக்கும் அதே வரியை ஓட்டினேன். அவை மாறவில்லை, அங்கே எழுதுபவர்கள் கூட்டித்தான் எழுதியிருந்தார்கள். முற்றத்துக்கு வந்து, சிக்னல் கிடைக்கிற பலாமரத்தடியில் நின்று பொறுப்பதிகாரியை அழைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். நீளமாய் ஒரு மூச்சு கேட்டது.

"அறிக்கை போயிட்டுதானே மிஸ். கூட்டம் முடியட்டும், திருத்தம் ஒண்ணு அனுப்புவோம்."

"கையெழுத்துப் போட்ட பிறகு திருத்தம் வெறும் பேப்பர் சார். அதைக் கூரைக்கு மேல போட்டு மழைக்கு மறைக்கக்கூட முடியாது."

"எல்லார் முன்னாலயும் நம்ம டேபிள் பிழைன்னு சொல்லணும்."

"நம்ம இல்ல சார். என்னுது. நான் சொல்றேன்."

"ஹரி மிஸ். நான் பக்கத்துல உட்காருறேன்" என்றார். உங்களுக்கும் அப்படி ஒரு அதிகாரி கிடைக்கட்டும். கிடைக்காவிட்டாலும் எழுந்து நின்று சொல்லுங்கள், பயமாக இருந்தால் மேசையைப் பிடித்துக்கொள்ளலாம்.

மறுநாள் காலை கூட்ட மண்டபத்துக்கு நான் போனபோது, இடத்தையும் நேரத்தையும் முன்தினமே கேட்டு வைத்திருந்த மகேஸ் அக்கா எனக்கு முன்பே வந்திருந்தார். நல்ல சேலை கட்டி, புத்தகத்தையும் அளவுக் கண்ணாடியையும் ஒரு சிலிசிலி பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பட்டியலை எடுத்தார்கள். நான் எழுந்தேன். மேசையைப் பிடித்துக்கொண்டேன். "போன வாரம் நாங்கள் தந்த அட்டவணையில் கீழ் டிவிஷன் பிழை" என்று தமிழிலும் சிங்களத்திலும் சொன்னேன்.

தலைமை தாங்கியவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"போன வாரம் இருபத்தஞ்சு. இந்த வாரம் நூற்று எண்பத்தொன்பது. ஒரு வாரத்துல மழை இவ்வளவு வளருமா மிஸ்?"

மண்டபம் சிரித்தது. "மழை வளரல சார்" என்றேன். "நான்தான் வெட்டிட்டேன்." எப்படி வெட்டினேன் என்று விளக்கினேன். கூட்டல் குறி, இடமிருந்து படிப்பது, எண் என்று கேட்டால் அங்கேயே நிற்பது. முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். தலைமை அதிகாரியின் முகம் மூடிக்கொண்டே வந்தது.

அப்போது பின்னால் சிலிசிலி பை சரசரத்தது. மகேஸ் அக்கா நடந்து வந்தார், யாரிடமும் கேட்காமல். தலைமை மேசையிலிருந்த தண்ணீர்க் கூஜாவை எடுத்தார். "ஐயா, மாத்தயா, கொஞ்சம் பாருங்க" என்று அளவுக் கண்ணாடியை நிரப்பினார். உயர்த்திக் காட்டினார். ஜன்னலுக்கு வெளியே ஊற்றினார்.

"ஒண்ணு."

மீண்டும் நிரப்பினார், காட்டினார், ஊற்றினார். கீழே யாரோ "ஏய்!" என்று கத்தினார்கள். "எக்காய், தெக்காய்" என்று எங்கள் பொறுப்பதிகாரி என் பக்கத்திலிருந்து சிங்களத்தில் எண்ணத் தொடங்கினார். மூன்றாவதற்கு "துனாய்" என்று அரை மண்டபமும் "மூணு" என்று மறு அரையும் சேர்ந்து எண்ணின. நாலாவதோடு கூஜா காலியானது. அக்கா அதைக் கவிழ்த்துக் காட்டினார்.

"தண்ணி முடிஞ்சுது. மழை இன்னும் மூணு கிளாசும் மிச்சமும் பாக்கி இருக்குங்க. அவ்வளவும் எங்க பின்சுவத்துல ஒரே நாள்ல ஊத்துச்சு. இந்த மிஸ்ஸோட மெஷின் முதல் கிளாசோட குடைய மடக்கிட்டுப் போயிருச்சு, அவ்வளவுதான் விஷயம்."

தலைமை அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். அவராக ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து, நான் இணைத்திருந்த மூலக் கோப்பின் அச்சுப்படியோடு விரல் வைத்து ஒப்பிட்டார். பிறகு இன்னொரு பக்கம். மூன்றாவது பக்கத்தில் அவர் விரல் நின்றது எந்த வரியில் என்று எனக்குத் தெரிந்தது.

"இது கோப்பில் ஐம்பத்திரண்டு. இங்கே இருபத்திரண்டு."

"திருத்தியாச்சு சார். அதனால்தான் பத்து இல்லை, ஒன்பது."

அவர் என்னைப் பார்த்தார். இந்த முறை மூக்குக் கண்ணாடி வழியாகவே பார்த்தார். பேனாவைத் திறந்து, தட்டச்சு செய்த பட்டியலின் அடியில், கையாலேயே கீழ் டிவிஷன் லயம், பதினான்கு வீடுகள் என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். பிறகு முழுப் பட்டியலுக்கும் கையெழுத்திட்டார். முதலில் கைதட்டியது கொட்டாவி விட்டவர்தான்.

வெளியே பஸ் நிலையத்தில் மகேஸ் அக்கா லயத்துக்கு ஃபோன் போட்டார். அந்தப் பக்கம் யாரோ கேட்டார்கள், பின்னால் பல குரல்கள் கேட்டன. அவர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, பஸ் ஹாரனுக்கு மேலாகக் கத்தினார்:

"கேக்குதாடி? ஒத்துக்கிட்டாங்கடி! நம்ம மழைய ஒத்துக்கிட்டாங்க!"